மேனேஜ்மென்ட் சீட்டா, கவுன்சலிங் சீட்டா? அதற்கான பணத்தை எதிலிருந்து எடுப்பது?

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் காலை, எங்கள் அரசுப் பள்ளி வராந்தாவில் ஓர் அப்பாவும் மகளும் வந்து நின்றார்கள். அப்பா பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவர். மகள் என்னிடம் இரண்டு வருடம் கணக்குப் படித்தவள். அவர் சட்டைப் பையில் நாலாக மடித்த வண்ண நோட்டீஸ் ஒன்று இருந்தது. கோவைப் பக்கம் பெயர் வாங்கிய தனியார் பொறியியல் கல்லூரியின் நோட்டீஸ்.

"கம்ப்யூட்டர் சயின்ஸ்ல இன்னும் நாலே சீட்டுத்தான் இருக்குதாமுங்க டீச்சர். நாளைக்குள்ள ஒரு லட்சம் கட்டிப்போட்டா நம்ம பேருக்கு எழுதி வெச்சுக்குவாங்களாமா. வீட்டுல இருக்கற நகையக் கொண்டுபோய் வெச்சுப்போடலாம்னு இருக்கறனுங்க" என்றார்.

ஒவ்வொரு மே மாதமும் இப்படி ஐந்தாறு குடும்பங்களுடன் உட்காருகிறேன். எல்லோரும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகவே கொண்டுவருகிறார்கள். எந்தக் கல்லூரி என்பது ஒன்று, பணத்துக்கு என்ன செய்வது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு மேனேஜ்மென்ட் சீட் (கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் இடம்) என்று பதில் சொன்ன நிமிடமே இரண்டாவது கேள்விக்கான நல்ல பதில்கள் பெரும்பாலும் கையை விட்டுப் போய்விடுகின்றன. இது யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை. அன்று அவர்களோடு நோட்டில் போட்ட கணக்கை அப்படியே இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை மாறாது.

அவள் மதிப்பெண்: கணிதம் 92, இயற்பியல் 80, வேதியியல் 78. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக்குக் கணிதம் 100-க்கும், மற்ற இரண்டும் தலா 50-க்கும் எடுத்துக்கொள்ளப்படும். ஆக 92 + 40 + 39, கட்-ஆஃப் 171. நல்ல மதிப்பெண்தான். கோவையின் முன்னணிக் கல்லூரிகளில் கவுன்சலிங் வழியாக, அதாவது கட்-ஆஃப் வரிசைப்படி அரசு இடம் ஒதுக்கும் கலந்தாய்வு வழியாக, கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்க அது போதாது. அங்கே 190-க்கு மேல் போய்விடும்.

இரண்டு கட்டணம், ஒரே வகுப்பு

அந்த அப்பாவுக்குத் தெரியாத ஒரு விஷயத்தை முதலில் சொன்னேன். நோட்டீஸ் அச்சடித்த அதே கல்லூரி, தன் இடங்களில் பெரும்பகுதியைக் கவுன்சலிங்குக்குக் கொடுத்தாக வேண்டும். சிறுபான்மையினர் அல்லாதோர் நடத்தும் கல்லூரிகள் 65 சதவீதம், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதம். மீதிதான் மேனேஜ்மென்ட் சீட். ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இரண்டு பிள்ளைகள் வெவ்வேறு கட்டணம் கட்டியிருப்பார்கள். பாடம், பேராசிரியர், டிகிரி சான்றிதழ் எல்லாம் இருவருக்கும் ஒன்றே.

2017-இல் கட்டண நிர்ணயக் குழு வகுத்த அளவு இது: கவுன்சலிங் இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. மேனேஜ்மென்ட் இடத்துக்கு 85,000 மற்றும் 87,000. சேரும் ஆண்டில் இந்தத் தொகைகள் மாறியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டீஸைக் கொண்டுவந்தவரிடம் கல்லூரியிலிருந்து பேசிய ஆள் சொன்ன தொகை வேறு: வருடத்துக்கு 1,60,000, விடுதிக்கு 90,000, சேரும்போது தனியாக ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்துக்கு ரசீது தருவார்களா என்று கேட்டேன். "அதெல்லாம் கேக்கலீங்க" என்றார். நன்கொடை வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் ரசீதில்லாத பணத்தை வைத்து எந்த அலுவலகத்திலும் நியாயம் கேட்க முடியாது. எந்த வங்கியும் அதற்குக் கடன் கொடுக்காது.

ஆக மேனேஜ்மென்ட் வழி: வருடத்துக்கு இரண்டரை லட்சம் வீதம் நாலு வருடம், அதோடு ஒரு லட்சம். மொத்தம் 11 லட்சம்.

கவுன்சலிங் வழியில், பக்கத்தில் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவு கிடைக்கும் என்று போன வருடக் கட்-ஆஃப் பட்டியலைப் பார்த்து மதிப்பிட்டோம். கல்விக் கட்டணம் 55,000. அந்த வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை, ஆகவே முதல் பட்டதாரி சலுகை உண்டு. 2010-இல் தொடங்கிய திட்டம் அது. சுயநிதிக் கல்லூரியில் வருடத்துக்கு 25,000 ரூபாயை அரசே ஏற்கும். மீதி 30,000. காலேஜ் பஸ் 25,000. பரீட்சைக் கட்டணம், புத்தகம், ஆய்வக நோட்டு, இதர வசூல் எல்லாம் சேர்த்து 15,000 என்று வைத்துக்கொண்டோம். வருடத்துக்கு 70,000, நாலு வருடத்துக்கு 2,80,000.

11 லட்சத்துக்கும் 2.8 லட்சத்துக்கும் இடையே இருப்பது 8.2 லட்சம். அந்தத் தொகையை எழுதி வட்டம் போட்டேன். அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பட்டதாரிச் சலுகையில் எழுத்துப் பிசகாமல் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் மட்டுமே கிடைக்கும். குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டும்தான். சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வருவாய்த் துறையிடமிருந்து வாங்க வேண்டும். ரிசல்ட் வரும்வரை காத்திருந்தால் தாலுகா ஆபீஸில் அந்த வாரம் கூட்டம் நெரியும். ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள். வருமானச் சான்றிதழையும் அப்போதே வாங்கிவிடலாம், பட்டியலின, பழங்குடியினப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு உதவித்தொகைக்கும் அது வேண்டும். அதன் வரம்பு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம்.

எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளி

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பிள்ளையாக இருந்திருந்தால் நான் இவ்வளவு கணக்குப் போட்டிருக்க மாட்டேன். 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடங்கள் தனியே ஒதுக்கப்படுகின்றன. அப்படிச் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் அப்படியே. இதோடு மாதம் 1,000 ரூபாய் பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில், ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில். முன்னது 2022 செப்டம்பரிலும் பின்னது 2024 ஆகஸ்டிலும் தொடங்கின.

இந்தப் பெண் எட்டாவது வரை ஒரு சின்னத் தனியார் பள்ளியில் படித்தவள். தறிக்கூலி போதாமல் ஒன்பதாவதில் எங்களிடம் வந்தாள். ஆறு, ஏழு, எட்டு என்ற அந்த மூன்று வருடங்கள் அவளை அந்த ஒதுக்கீட்டிலிருந்து வெளியே நிறுத்திவிட்டன. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் படித்திருந்தால் தப்பியிருக்கும், அதுவும் இல்லை. மூன்று வருடமும் ஃபீஸ் கட்டிப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். அதே மூன்று வருடம் இப்போது அவர்களுக்கு எதிராக நிற்கிறது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

மற்ற வழிகளும் இருக்கின்றன

அரசுப் பொறியியல் கல்லூரிகள். கோவை ஜி.சி.டி., சேலம், பர்கூர், போடி, திருநெல்வேலி, காரைக்குடி அழகப்பா என்று இருக்கின்றன. கல்விக் கட்டணம் சொற்பம். விடுதிச் செலவுதான் முக்கியச் செலவு. 171-க்கு எது எட்டும் என்பது சமூகப் பிரிவையும் பாடப்பிரிவையும் பொறுத்தது. மெக்கானிக்கல், சிவில் என்றால் அரசுக் கல்லூரிக் கதவு இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்கும். என் தனிப்பட்ட கருத்து: எட்டுமானால் விருப்பப் பட்டியலில் இவற்றைத் தனியாருக்கு மேலேயே எழுதுங்கள். "பொட்டப்புள்ளைய அவ்வளவு தூரம் எப்பிடிங்க விடறது" என்று அப்பா கேட்டார். அந்தக் கவலையை நான் தள்ளிவிடுவதில்லை. கல்லூரி விடுதியை நேரில் போய்ப் பாருங்கள், அங்கே படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தியிடம் பேசுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதமோ இயற்பியலோ கணினி அறிவியலோ. மூன்றே வருடம், செலவு மிகக் குறைவு, கடன் எதுவும் வேண்டாம். பி.எஸ்சி. முடித்து எம்.சி.ஏ. போகலாம், பி.எட். படித்து ஆசிரியராகலாம், போட்டித் தேர்வுக்கு மூன்று வருடம் நிம்மதியாகத் தயாராகலாம். இதை இரண்டாந்தரமாக நினைக்கும் பழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது. கணக்கில் உண்மையான ருசி உள்ள பிள்ளைக்கு இதையே முதலில் சொல்வேன். இந்தப் பெண்ணுக்கு மின்னணுச் சாதனங்களில்தான் கண். அப்பாவின் தறி ஷெட்டில் எரிந்துபோன மோட்டார் போர்டைப் பிரித்துப் பார்த்தே வளர்ந்தவள்.

பாலிடெக்னிக். பத்தாவது முடித்ததும் மூன்று வருட டிப்ளமோ, பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை மூலம் மூன்று வருடம், மொத்தம் ஆறு. பிளஸ் டூ வழியாகப் போனாலும் இரண்டும் நாலும் ஆறுதான். நடுவில் குடும்பத்தில் இடி விழுந்தால் டிப்ளமோக்காரன் கையில் வேலைக்குரிய சான்றிதழ் ஒன்று இருக்கும். பத்தாவதில் இருக்கும் பிள்ளையின் பெற்றோர் இதைக் கட்டாயம் எடைபோட வேண்டும். பிளஸ் டூ முடித்தவர் இப்போது போனால் டிப்ளமோ இரண்டு வருடம், பி.இ. மூன்று வருடம், ஒரு வருடம் கூடுதல். ஆகவே இவளுக்குப் பொருந்தவில்லை.

ஆக நிற்பது: பக்கத்துக் கல்லூரியில் கவுன்சலிங் எலக்ட்ரானிக்ஸ், அல்லது பெயர்பெற்ற கல்லூரியில் மேனேஜ்மென்ட் கம்ப்யூட்டர் சயின்ஸ். பின்னதற்கும் நியாயம் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் வளாகத் தேர்வுக்கு வரும் கல்லூரி. கூடப் படிக்கும் பிள்ளைகளின் தரமும் பழக்கமும் நம் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போகும். இதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். பணத்துக்கு நெருக்கடி இல்லாத வீடு என்றால் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பேனோ என்னவோ. பக்கத்துக் கல்லூரியும் நன்றாக நடக்கிறதா என்று பார்க்காமல் பட்டியலில் எழுதக் கூடாது. இணைப்புக் கல்லூரிகளின் பருவத் தேர்வுத் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. அதில் தேடிப் பார்த்தோம். அங்கே படிக்கும் இரண்டு பழைய மாணவிகளுக்கும் போன் போட்டோம்.

பணம் எங்கிருந்து

வீட்டில் பன்னிரண்டு சவரன் நகை. ஊரில் அப்பா வழியில் முப்பது சென்ட் நிலம். மகளிர் குழுவில் அம்மா வாங்கிய கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்தாவது போகப்போகும் தம்பி ஒருவன். இவ்வளவுதான் இருப்பு.

கல்விக் கடனை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றித்தான் பயமும் தவறான தகவலும் அதிகம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி நாலு லட்சம் வரை சொத்துப் பிணை கிடையாது, நம் பங்குத் தொகையும் கிடையாது. அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். ஏழரை லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. அதற்கு மேல் போனால் வீடு, நிலம் என்று பிணை கேட்பார்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்தே தவணை தொடங்கும். அதுவரை தனிவட்டி, வட்டிக்கு வட்டி போடுவதில்லை. திருப்பிக் கட்ட 15 வருடம் வரை அவகாசம். பெண் பிள்ளைகளுக்குப் பல பொதுத்துறை வங்கிகள் அரை சதவீதம் குறைக்கின்றன.

கணக்கு எளிதாக இருக்க வட்டியைப் பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். வருடத்துக்கு 70,000 வீதம் நாலு முறை. முதல் தொகைக்கு ஐந்து வருட வட்டி, அடுத்ததற்கு நாலு, அப்புறம் மூன்று, இரண்டு. தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 98,000 சேர்ந்திருக்கும். கடன் 3,78,000. ஏழு வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 6,300 ரூபாய். அதையே படிக்கும்போது மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவந்தால் (முதல் வருடம் மாதம் 583 ரூபாய், நாலாம் வருடம் 2,333), தவணை 4,650-க்கு இறங்கும். மொத்தத்தில் சுமார் 39,000 மிச்சம். படிக்கும் காலத்தில் வட்டி கட்டுகிறவர்களுக்கு ஒரு சதவீதச் சலுகையும் உண்டு.

இதைவிடப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, தொழிற்கல்வி படிக்கும் கல்லூரி 'நாக்' எனும் தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவின் தரச்சான்றோ அந்தப் பாடப்பிரிவு தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரமோ பெற்றிருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்கடுத்த ஒரு வருடத்துக்கும் உண்டான வட்டி முழுவதையும் மத்திய அரசே கட்டுகிறது. 2009 முதல் நடக்கும் திட்டம். மேலே சொன்ன 98,000 அப்படியே போய்விடும். ஆகவே விருப்பப் பட்டியலை எழுதும்போது ஒவ்வொரு கல்லூரிப் பெயருக்கும் எதிரே இந்த அங்கீகாரம் உண்டா இல்லையா என்று குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். அந்த ஒரு குறிப்பின் விலை ஒரு லட்சம் ரூபாய். 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் இன்னொன்று. அது தரவரிசையில் முன்னால் நிற்கும் நிறுவனங்களுக்கு மட்டும், தொடங்கும்போது 860. எட்டு லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்குப் பத்து லட்சம் வரையிலான கடனில் படிக்கும் கால வட்டியில் மூன்று சதவீதத்தை அரசு ஏற்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு அது கிடையாது.

இப்போது அதே பத்து சதவீத வட்டியில் மேனேஜ்மென்ட் சீட்டின் 11 லட்சத்தை, ரசீதில்லாத ஒரு லட்சமும் கடனாகவே கிடைக்கிறது என்று வைத்து, போட்டுப் பாருங்கள். தவணை தொடங்கும்போது கடன் 15 லட்சத்தைத் தொட்டிருக்கும். பத்து வருடத்தில் கட்ட மாதம் 19,800. பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் புதிதாகச் சேரும் பொறியாளருக்குக் கொடுக்கும் ஆண்டுச் சம்பளம் நெடுங்காலமாக மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. மாதம் கைக்கு இருபத்தைந்தாயிரத்தை ஒட்டி வரும். சென்னையிலோ பெங்களூரிலோ வாடகை கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு அந்தப் பெண் இருபதாயிரத்தை எப்படிக் கட்டுவாள்? அவள் கட்ட முடியாவிட்டால் வங்கி இணைக் கடன்தாரரைத்தான் தேடி வரும். அப்பாவின் தறிக்கூலியும் முப்பது சென்ட்டும் அங்கே நிற்கும்.

வங்கியில் நடைமுறைச் சிக்கல் இல்லை என்று சொல்ல மாட்டேன். சில வருடங்களுக்கு முன் என் மாணவன் ஒருவன் மூன்று லட்சம் கேட்டதற்கு ஒரு கிளையில் நிலப் பட்டா கொண்டுவரச் சொன்னார்கள். மூன்று முறை அலைந்தான். "முடியாது என்றால் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள்" என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். கல்விக் கடனை மறுப்பதானால் மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்பது விதி. அடுத்த வாரம் கடன் கிடைத்தது. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, அந்த எண்ணோடு கிளைக்குப் போவது நல்லது. மகள், அப்பா இருவருக்கும் பான் அட்டை, சேர்க்கை ஆணை, கல்லூரியின் கட்டண விவரக் கடிதம், போனஃபைடு (அங்கே படிக்கிறாள் என்ற சான்று), மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்றிதழ் இவையெல்லாம் இரண்டு செட். குழுக் கடனிலோ பைக் கடனிலோ தவணை தவறியிருந்தால் சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் எண்) அடிபட்டிருக்கும். ஜூன் மாதத்துக்குள் அதைச் சரிசெய்துகொண்டு போங்கள். இந்த வீட்டில் அம்மாவின் குழுக் கடனில் இரண்டு தவணை நின்றிருந்தது. முதல் வேலையாக அதைக் கட்டச் சொன்னேன்.

நகைக்கடன். வட்டி கல்விக் கடனை ஒட்டித்தான் வரும், அரை மணி நேரத்தில் பணம் கைக்கு வரும். ஆனால் வருடம் திரும்பியதும் அசலும் வட்டியுமாகக் கட்டி மீட்க வேண்டும். நாலு வருடப் படிப்பில் நகை நாலு முறை அடகுக்கடை ஏறும். மூன்றாவது வருடம் திருப்ப முடியாமல் ஏலத்துக்குப் போன கதைகளை ஒவ்வொரு தெருவிலும் கேட்கலாம். வட்டி மானியம் கிடையாது. வருமான வரி கட்டும் வீடு என்றால், பழைய வரி முறையில் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருடம் கிடைக்கும் கழிவும் இதற்குக் கிடையாது. எனக்கு நகைக்கடன் ஒரே இடத்தில் சரியாகப் படுகிறது. கவுன்சலிங்கில் இடம் ஒதுக்கியதும் சில நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும். வங்கிக் கடன் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளிக்கு இரண்டு சவரனை வைத்து எடுப்பதில் தவறில்லை.

நகையை விற்பது வேறு விஷயம். 2015 வாக்கில் சவரன் இருபதாயிரத்தை ஒட்டி இருந்தபோது மகன் படிப்புக்குப் பத்து சவரனை விற்ற தோழி ஒருத்தி எனக்கு உண்டு. 2025 செப்டம்பரில் சவரன் எண்பதாயிரத்தைத் தாண்டியது. மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது, ஆனாலும் அந்த நகையை அவளால் திரும்ப வாங்க முடியவில்லை. தங்கம் இனியும் இப்படியே ஏறும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. விற்றால் திரும்பி வராது என்பதை மட்டும் அவள் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். நிலத்துக்கும் இதுவேதான். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு பிள்ளைக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டால் மற்றதற்கு என்ன இருக்கும்?

சீட்டு, அதாவது சிட் ஃபண்ட். ஏற்கெனவே போட்டுவரும் சீட்டு இருந்தால் விடுதிக் கட்டணம், லேப்டாப் மாதிரித் தேதி தெரிந்த செலவுகளுக்கு உதவும். 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த நிறுவனமாக இருக்கட்டும். அவசரத்துக்கு முதல் மாதங்களில் தள்ளி எடுத்தால் போகும் கழிவு, வங்கி வட்டியை விடக் கூடுதலாகிவிடும்.

வட்டிக்கு வாங்குவது. எங்கள் பக்கம் மூன்று வட்டி சாதாரணம், அதாவது வருடத்துக்கு 36 சதவீதம். 70,000-க்கு மாதம் 2,100. ஐந்து வருடம் கட்டினால் 1,26,000 கட்டியிருப்போம், அசல் 70,000 அப்படியே நிற்கும். அதீத வட்டியைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-லேயே வந்தது. இந்த வழியை ஒப்பிட்டுப் பார்க்கக்கூட நான் சம்மதிப்பதில்லை.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு

பெண் குழந்தைக்குப் பத்து வயதுக்குள் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். 2024 ஜனவரியிலிருந்து வட்டி 8.2 சதவீதம். இதே வட்டி நீடித்தால், மாதம் ஆயிரம் வீதம் 15 வருடம் கட்டினால் கட்டிய 1,80,000 சுமார் 3,45,000 ஆகும். இதில் பலர் கவனிக்காதது: பதினெட்டு வயதில் படிப்புக்கென்று எடுக்கும்போது பாதிதான் எடுக்க முடியும், மீதி கணக்கு முதிரும்வரை இருக்கும். அதனால் முழுத் தொகையையும் காலேஜுக்கு நம்பிவிடாதீர்கள். ஆண் பிள்ளைக்கு அஞ்சலகத்தில் பொன்மகன் என்ற பெயரில் சொல்லப்படும் பொதுவைப்பு நிதி இருக்கிறது, 7.1 சதவீதம், 15 வருடம். பிள்ளை மூன்று வயதைத் தாண்டுவதற்குள் தொடங்கினால்தான் காலேஜ் நேரத்துக்கு முதிரும். ஏழாவது எட்டாவது படிக்கும் பிள்ளை என்றால் தொடர் வைப்பு போதும்.

அவர்கள் எடுத்த முடிவு

அன்று மாலை நாலு மணி வரை பேசினோம். கல்லூரிக்காரரின் போன் மூன்று முறை வந்தது. முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு வேண்டாம் என்றாலும் திரும்பக் கிடைக்குமா என்று அப்பா கேட்டார். சேர்க்கையின் கடைசித் தேதிக்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்ப வேண்டும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் சொல்கிறது. ரசீது இல்லாத ஒரு லட்சத்துக்கு அந்த விதி எப்படிப் பொருந்தும் என்று நான் கேட்டதும் அவர் போனை எடுத்து, "வேண்டாமுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மகள் அழுதாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற சொல் அவள் மனதில் அந்தக் கல்லூரியின் பெயரோடு ஒட்டிப்போயிருந்தது. அவளைத் தேற்ற நான் எதுவும் சொல்லவில்லை. பக்கத்துக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு இப்போது ஓசூரில் வேலை பார்க்கும் பழைய மாணவியின் நம்பரைக் கொடுத்தேன். இருவரும் அன்று இரவு ஒரு மணி நேரம் பேசியதாகப் பிறகு தெரிந்தது.

கவுன்சலிங்கின் இரண்டாம் சுற்றில் எதிர்பார்த்த இடமே கிடைத்தது. அம்மாவின் இரண்டு சவரன் சங்கிலி வங்கியில் போய் உட்கார்ந்தது. ஏழு வாரத்தில் கல்விக் கடன் வந்தது, சங்கிலி வீடு திரும்பியது. வட்டி மானியத்துக்கான வருமானச் சான்றிதழைக் கிளையில் கொடுத்துவிட்டு, அதன் நகலில் தேதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். மானியம் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் 583 ரூபாயை ஒரு தனிக் கணக்கில் போட்டுவருகிறார் அப்பா.

அடுத்த ஏப்ரலில் அம்மா மட்டும் பள்ளிக்கு வந்தார். கையில் தம்பியின் ஐந்தாம் வகுப்பு டி.சி. தனியார் பள்ளியிலிருந்து வாங்கிக்கொண்டு நேராக வந்திருந்தார்.

"அக்கா முதல் பட்டதாரிச் சலுகைய எடுத்துக்கிட்டாளுங்க டீச்சர், இவனுக்கு அது இல்லைன்னு நீங்க சொன்னீங்கல்ல. அதான் ஆறாவதே இங்க சேத்திப்போடலாம்னு" என்றார்.

தலைமை ஆசிரியர் அறைக்குக் கூட்டிப்போனேன். படிவத்தில் வகுப்பு என்ற இடத்தில் 6 என்று அவனே எழுதினான்.